பதினோரு அடி

அந்த வரைபட ஆபீசில் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். வில்லைக் கண்ணால் கண்டவள் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு வீட்டின் படத்தை வரைந்து முடித்ததும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இத்தனை அடி என்று அளவுக்கோடு போடுவார்கள். கோட்டின் இரு முனையிலும் குட்டி அம்பு, நடுவில் எண். அந்த அம்புகளும் எண்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்குபடுத்துவதுதான் அவள் பிழைப்பு.

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் வரைந்து போட்டுவிட்டுப் போன படத்தைத் திறந்தால், நெரிசல் நேரத்து பஸ் மாதிரி இருக்கும். எண்ணின் மேல் கோடு, கோட்டின் மேல் கதவு, கதவுக்குள் இன்னோர் எண். அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொடுக்குவாள். நீலமாய் ஒரு சின்னக் கட்டம் முளைக்கும். அதைப் பிடித்து இழுத்து, காலி இடமாகப் பார்த்து உட்காரவைப்பாள். இடைவெளி குறுகலாக இருந்து, இரண்டு அம்பும் எண்ணும் உள்ளே கொள்ளாவிட்டால், அம்புகளைச் சுவருக்கு வெளியே திருப்பிவிடுவாள். அவை வெளியே நின்றபடி உள்நோக்கிக் காட்டும். எண்ணையும் வெளியே எடுத்துவைத்து, இது இந்த இடத்துக்கு உரியது என்று மெல்லிய கோடு ஒன்றால் கட்டிவைப்பாள். அவள் கை பட்ட படம் என்றால் கொத்தனார்கள் இரண்டாம் முறை போன் செய்யமாட்டார்கள்.

ஆபீஸ் அவள் அண்ணனுடையது. அண்ணன் அங்கே போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: எண்ணைக் கையால் எழுதக் கூடாது. அந்த எண் யாரும் எழுதுவதல்ல, சுவருக்கும் சுவருக்கும் நடுவே மிஷினே அளந்து சொல்வது. சுவரை நகர்த்தினால் எண்ணும் தானாக மாறும். ஆனால் அதை அழித்துவிட்டு நம் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைத் தட்டவும் வழி இருக்கிறது. தட்டிவிட்டால் அவ்வளவுதான், சுவர் எங்கே போனாலும் அந்த எண் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாது. ஆபீசில் அதற்குக் கை எண் என்று பெயர். பார்வைக்கு நிஜ எண்ணுக்கும் கை எண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

“கை எண்ணு போடறவன் கையைச் சாப்பாட்டுல மட்டும் வைக்கட்டும், கீபோர்டுல வைக்க வேணாம்” என்பார் அண்ணன். வரைந்ததைவிட அழித்தது அதிகம் என்பதால் ரப்பர் என்று பேர் வாங்கியவன் ஒருவன் அங்கே இருந்தான். திட்டு முழுக்க அவனுக்குத்தான் போகும்.

“நம்ம அம்புக்காரியப் பாருடா. இத்தனை வருஷத்துல ஒரு கை எண்ணு போட்டிருக்காளா?”

“அவங்க உங்க தங்கச்சி சார். பிறக்கும்போதே ஸ்கேலோட பிறந்திருப்பாங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அது அவளுக்குக் கிடைத்த பட்டம், பதக்கம் எல்லாம்.

இனி வீட்டுக்கு வருவோம். அப்பா விட்டுப்போன பழைய வீடு அம்மா பெயரில் இருந்தது. கூரை ஒழுகியது, சுவர் உதிர்ந்தது. இடித்துக் கட்டி ஆளுக்குப் பாதி என்று அண்ணன் சொன்னார். அண்ணனுக்குக் குடும்பம் இருந்தது. அவள் தனி ஆள். கல்யாணப் பேச்சு வந்து வந்து ஓய்ந்துபோன வயது. அம்மா இடுப்பு எலும்பு முறிந்து, சக்கர நாற்காலிக்கு வந்திருந்தாள். யார் பக்கம் இருப்பது என்ற கேள்விக்கே இடமில்லை.

“நான் உன்கூடத்தாண்டி இருப்பேன்” என்றாள் அம்மா. “உன் அண்ணிகிட்டச் சண்டையே போட முடியல. எதைச் சொன்னாலும் சரிங்க அத்தை, சரிங்க அத்தைன்னுட்டுப் போயிடறா. வாய்க்கு ஒரு வேலை வேணாமா? நீன்னா திருப்பிப் பேசுவ.”

“அப்போ நான் உனக்குச் சண்டை போடத்தான் பொண்ணா?”

“பின்ன? கொஞ்சறதுக்கா பெத்தேன்?”

அவளுக்கும் வேறு ஆசை ஒன்றுமில்லை. தன் பாதியில் அம்மாவின் கட்டிலும், நாற்காலி உள்ளே போய்த் திரும்பி வரும்படி ஒரு குளியலறையும் இருந்தால் போதும். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும். ஆஸ்பத்திரிப் படங்களில் அந்த வட்டத்துக்கு எத்தனையோ முறை அளவு போட்டவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்தடி என்பாள்.

அண்ணன்தான் வீட்டை வரைந்தார். மனையின் அகலத்தில் இரு புறமும் சந்துக்கு விட்டதுபோகக் கட்டக் கிடைத்தது இருபது அடி. சுவர்க் கனத்தை விட்டுவிடுங்கள், நமக்கு வேண்டாம். மாடிப்படி அண்ணன் பக்கம் வந்ததால் அந்தப் பாதி பதினோரு அடி ஆனது. அவள் பாதி ஒன்பது. அந்த ஒன்பதில் அறைக்கு ஆறு, குளியலறைக்கு மூன்று.

படத்தைத் திறந்ததும் அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மூன்றுதான்.

“அண்ணா, மூணடியில நாற்காலி எப்படித் திரும்பும்?”

“தெரியும்டி. உன் பக்கத்துச் சந்துல ரெண்டடி எடுத்துக்கலாம்னு இருக்கேன். நகராட்சில தனியா எழுதிக் கேக்கணும். கேட்டா குடுப்பாங்க. அதுக்கப்புறம் சுவரை வெளிய நகர்த்திடறேன். உனக்கும் பதினொன்னு. குளியலறை அஞ்சு. போதுமா?”

“போதும்.”

“ஆனா அம்மா நாளைக்குப் படத்தைப் பாக்கணுங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு இருந்தாத்தான் இடிக்கக் கையெழுத்துப் போடுவேங்குது. அதுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். நீ என்ன பண்ற, உன் பக்கம் பதினொன்னு, அஞ்சுன்னு எழுதிடு. எப்படியும் அதானே வரப் போகுது.”

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “கை எண்ணா?”

“இது என்ன பாலமா கட்டறோம்? நம்ம வீடு. நானே சொல்றேன், போடு.”

கூட்டத் தெரியாதவளா அவள்? பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு, இருப்பது இருபது. ஆனால் வரப்போகிற இரண்டடிக்கு அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து என்ற எண் அவள் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. தட்டினாள்.

தட்டியதோடு விட்டிருக்கலாம். பழகிய கை சும்மா இருக்குமா? பெரிய பதினொன்றும் சின்ன பதினொன்றும் ஒரே வரிசையில் இருந்தால் கோட்டின் நீளமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அண்ணன் பக்கத்து அளவைப் படத்துக்கு மேலே ஏற்றினாள், தன் பக்கத்து அளவைக் கீழே இறக்கினாள். தன் பக்கத்து அம்புகளை மட்டும் வெளியே திருப்பினாள். வெளியே திரும்பிய அம்பு கோட்டை இரு புறமும் நீட்டிக் காட்டும். குளியலறைக்கும் அப்படியே செய்து, ஐந்து என்ற எண்ணை எடுத்து, கதவு, குழாய் எல்லாம் தாண்டி வெளியே வைத்தாள். மொத்தம் இருபது என்ற அளவைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளினாள். முடித்துப் பார்த்தபோது அவள் அதுவரை செய்ததிலேயே அழகான படம் அதுதான்.

மறுநாள் அம்மாவின் மடியில் தாளை விரித்தார் அண்ணன். அம்மாவுக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புதுக் கண் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே குஷி. சுவரில் போகிற எறும்பைக்கூடக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

விரலை வைத்து எண்களைப் படித்தாள். “பதினொன்னு. பதினொன்னு. சரி.” பிறகு விரல் நின்றது. “ஏண்டி, இந்தக் குளிக்கிற ரூம் ஏன் இவ்ளோண்டு இருக்கு? இந்தப் பக்கமே ஒடுங்கினாப்ல இல்ல?”

அண்ணன் அவளைப் பார்த்தார். அம்மாவும் அவளைத்தான் பார்த்தாள்.

“படம் அப்படித்தாம்மா தெரியும். நம்பரைப் பாரு. அஞ்சு போட்டிருக்குல்ல?”

“நம்பர் அஞ்சுதான். ஆனா கண்ணுக்கு…”

“ஆபரேஷன் பண்ணின கண்ணு. கொஞ்ச நாளைக்குப் பெருசு சின்னதாத் தெரியும், சின்னது பெருசாத் தெரியும்னு டாக்டர் சொன்னாருல்ல?”

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கண்ணை ஒரு முறை கசக்கிக்கொண்டாள். “அப்படியா? எனக்கு எதுவும் சொல்லலையே. சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டை இடித்தார்கள். எல்லோரும் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவள் ஒரு மாற்றத்தைக் கவனித்தாள். அம்மா ஊசியில் நூல் கோப்பதை விட்டாள். மாத்திரையை வாயில் போடும் முன், “இது வெள்ளையா மஞ்சளா, பாத்துச் சொல்லு” என்று நீட்டினாள். எறும்பைக் காட்டுவது நின்றுபோனது.

“உனக்கே தெரியுதேம்மா.”

“தெரியுது. ஆனா அது நெஜமா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? பெருசு சின்னதாத் தெரியும்னியே.”

ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். வீடு கட்டி முடியட்டும், ஐந்தடி நிஜமாகவே வந்துவிடும், அப்புறம் இது ஒரு விஷயமா என்று விழுங்கிவிடுவாள். அனுமதி என்ன ஆயிற்று என்று அண்ணனைக் கேட்டால், “எழுதியிருக்கேன், வரும்” என்பார்.

தினமும் வேலை நடக்கும் இடத்துக்குப் போனவர் அண்ணன்தான். அவளுக்கு ஆபீஸ், அம்மா, ஆபீஸ், அம்மா. சுவர் ஜன்னலுக்கு மேல் எழும்பிய பிறகுதான் ஒரு நாள் மத்தியானம் போனாள். ஈரச் செங்கல் வாசனை. மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் நுழைந்தாள். குளியலறைக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தாள். முழங்கை நிமிருமுன் விரல் இரண்டு பக்கமும் செங்கல்லைத் தொட்டது.

மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், அவளை மரியாதையாகப் பார்ப்பவர்.

“மேஸ்திரி, இது அஞ்சடி இல்லையே!”

“இல்லம்மா. மூணுதான்.”

“படத்துல அஞ்சுன்னு இருக்கே?”

“இருக்கும்மா. நான் இல்லன்னா சொன்னேன்?” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மடித்து மடித்து நைந்துபோன தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். “இங்க பதினொன்னு, இங்க பதினொன்னு. கயிறு கட்டிப் பாத்தா எடம் ரெண்டடி இடிக்குது. ஓரமாப் பாத்தா இருபதுன்னு எழுதியிருக்கு. யாருக்குக் குறைக்கிறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனுக்குப் போன் போட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

மேஸ்திரி தாளை மடிக்கத் தொடங்கினார். “தங்கச்சி பக்கம் குறைச்சுக்கங்கன்னாரு. தங்கச்சி கோவிச்சுக்க மாட்டாங்களா சார்னு கேட்டேம்மா, கேக்காம இல்ல. அதெல்லாம் அவளுக்குத் தெரியும், அந்த நம்பரே அவ கையால போட்டதுதான்னு சிரிச்சாரு.”

அவள் ஆபீசுக்கு வந்தபோது அண்ணன் ரப்பரின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். யாருடைய வீட்டுப் படத்திலோ அவன் ஒரு கை எண் போட்டுவிட்டானாம்.

“படிக்கட்டு அகலம் நாலுன்னு நீ எழுதினா நாலாயிடுமாடா? கட்டறவன் இதை நம்பித்தானேடா கல்லு வைப்பான்? நாளைக்கு அந்த வீட்டுக்காரன் எவன் சட்டையைப் பிடிப்பான்?”

ரப்பர் தலை குனிந்திருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குரல் ஒரு துளிகூடத் தடுமாறவில்லை. “இதோ நிக்கறா பாரு, இவகிட்டக் கத்துக்க” என்று முடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

“அனுமதி கேக்கவே இல்லையா அண்ணா?”

“கேட்டா ஆறு மாசம் இழுப்பாங்க. வாடகை யாரு குடுக்கறது?”

“அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப? அழுதிருப்ப.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் எதுவும் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. “இப்ப என்ன குடி முழுகிடுச்சு? அம்மா எங்க பக்கம் இருக்கட்டும். எங்க குளியலறை பெருசு, நாற்காலி தாராளமாத் திரும்பும். உனக்கும் பாரம் இல்ல.”

“அம்மா என்கூட இருக்கணும்னு சொன்னாங்க. அதுக்குத்தானே அந்த அஞ்சு.”

“அந்த அஞ்சை நானா எழுதினேன்?” என்றார் அண்ணன்.

எழுதச் சொன்னது நீங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்பைத் திருப்பச் சொன்னது யார்? மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரித்து வைக்கச் சொன்னது யார்? கண் ஆபரேஷனை இழுக்கச் சொன்னது யார்? அண்ணன் கேட்டது ஓர் எண். மற்றதையெல்லாம் அவளே கேட்காமல் கொடுத்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை யாருடைய வீட்டுக்கோ அம்பு திருப்பினாள்.

குடிபோகிற நாள் வரை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சின்ன நாற்காலியாக ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்று கடை கடையாக அளந்தாள். எந்த நாற்காலியும் மூன்றடிக்குள் திரும்பவில்லை.

புது வீட்டில் பெயின்ட் வாசனை போகவில்லை. அண்ணி பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி நின்றார்.

“முதல்ல என் குளியலறையக் காட்டுடி” என்றாள் அம்மா.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். மெதுவாகத்தான் தள்ளினாள். வழியிலேயே நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது. சக்கரம் வாசலைத் தாண்டியது. அம்மாவின் கால் பலகை எதிர்ச் சுவரில் முட்டியது. அவ்வளவுதான் இடம். அம்மா ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். விரல் கணு சுவரில் உரசியது.

கையை நீட்டிப் புது டைல்ஸைத் தடவினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

“இது அஞ்சா?”

“இல்லம்மா. மூணு.”

“படத்துல?”

“படத்துலயும் மூணுதாம்மா. அஞ்சுன்னு நான்தான் எழுதினேன்.”

“உன் அண்ணன் எழுதச் சொன்னானா?”

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கைதாம்மா எழுதுச்சு.”

“கையைக் கேக்கல” என்றாள் அம்மா. சுவரைப் பார்த்தபடியே பேசினாள், திரும்ப முடியாதே. “அவன் ரெண்டடிக்கு ஆசைப்பட்டான். ஆசைப்பட்டவன் ஏதோ பண்ணிட்டான், போகட்டும். நான் கேட்டேனேடி அன்னைக்கு. ஒடுங்கினாப்ல இருக்குன்னேனே. என் கண்ணு சரியாத்தானே பாத்துச்சு? நீ எதுக்குடி என் கண்ணைப் பொய்யாக்கின?”

அவள் நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள்.

“ஆறு மாசமா மாத்திரையைக்கூட நம்பாம முழுங்கினேன். உன்கிட்ட நீட்டி நீட்டிக் கேட்டேன். அப்பவாவது சொன்னியா?”

“அம்மா…”

“என்னை வெளிய எடுங்க.”

நாற்காலி திரும்பாதே. அண்ணன் அவளை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பின்னாலேயே இழுத்தார். குளியலறைக்கு வெளியே, நீளமான அறையின் காலியான கோடியில் ஒருவழியாகத் திருப்பினார்கள். திருப்பும்போது அம்மாவின் முகம் ஒரு நொடி அவளுக்கு நேரே வந்தது. புதுக் கண் இரண்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அம்மாவின் கட்டிலை அண்ணன் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போதும் அம்புக்காரி அதே ஆபீசில்தான் இருக்கிறாள். அந்தப் படத்தை ஒரு நாள் திறந்து, தான் தட்டிய எண்ணை அழித்தாள். மிஷின் உடனே, ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று என்று காட்டியது. அண்ணன் இன்னும் ரப்பரைத் திட்டுகிறார், இன்னும் அவளைக் கை காட்டுகிறார். இப்போது சிரிப்பது அண்ணன் மட்டும்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் தன் பக்கம் டீ போடுவாள். நடுச்சுவருக்கு அந்தப் புறம் சக்கரம் உருளும், நிற்கும், ஒரு முழுச் சுற்றுத் திரும்பும். பிறகு அம்மாவின் குரல் கேட்கும்.

“ஏண்டா, இதுக்குப் பேரு டீயா? உன் பொண்டாட்டியை ஒண்ணும் சொல்லல, போட்டது நீதானே? வெந்நீர்ல சாயம் போன துணியை முக்கின மாதிரி இருக்கு!”

“குடிச்சாக் குடி, இல்லாட்டி வை!”

“வைக்கறேன், உன் தலையில வைக்கறேன்!”

அண்ணன் திருப்பிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். அவள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். சண்டை சட்டென்று நின்றுபோகும்.

“அம்மா, இன்னைக்குக் கால் வலி எப்படி இருக்கு? என் பக்கம் வர்றியா கொஞ்ச நேரம்? இந்த டீயைக் குடிச்சுப் பாரேன்.”

அம்மா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். ஒரு வாய் குடிப்பாள். வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தாள் அவள். ஒரு வசவாவது விழாதா என்று.

“நல்லாருக்கும்மா” என்றாள் அம்மா.